லேபிளை அப்படியே வாசித்துப் பதிவு செய்தால் போதாதா?

கோத்தகிரி டீச்சர் · ஜூன் 3

எங்க பள்ளியில் ஒரு அறையைச் சின்ன அருங்காட்சியகமா வச்சிருக்கோம். நீலகிரிப் பழங்குடியான தோடரோட வீட்டு மாதிரி, அவங்க போத்திக்கிற பூவேலைத் துணியான பூத்குளி ஒண்ணு, இன்னொரு பழங்குடியான கோத்தரோட பானைகள், அந்தக் காலத்தில் பாடம் பண்ணின பெட்டை வரையாடு, மலை ரயிலோட பல் தண்டவாளத் துண்டு, பழைய போட்டோக்கள். ஆகஸ்ட்ல பார்வையற்ற மாணவர்கள் வர்றாங்க. லேபிள் எல்லாம் நல்லாவே எழுதியிருக்கு. அதை ஒருத்தர் வாசிச்சுப் பதிவு பண்ணி, க்யூ.ஆர். ஒட்டிட்டா வேலை முடிஞ்சது. தனியா "காட்சி விவரணை", அதாவது பொருள் எப்படி இருக்குன்னு காதால கேட்டே புரியற மாதிரி, எழுதணும்னு சொல்றவங்க வேலையைப் பெருக்குறாங்கன்னுதான் எனக்குப் படுது.

படிக்கல் · ஜூன் 3

முடியாது டீச்சர். உங்கள் லேபிள், பொருள் எதிரே நிற்கிறது, கண் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டது என்ற தைரியத்தில் எழுதியது. "தோடர் குடியிருப்பு. மூங்கில், பிரம்பு, புல். நீலகிரி." இதைக் காதில் வாங்கியவருக்கு வீடு வட்டமா நீளமா, வாசல் எந்தப் பக்கம், ஆள் நிமிர்ந்து நுழையலாமா என்று ஒன்றுமே தெரியாது.

படிக்கல் · ஜூன் 3, இரவு

அவசரத்தில் எழுதினேன். நீட்டிச் சொல்கிறேன்.

கண் மொத்தத்தையும் ஒரே வீச்சில் எடுத்துக்கொண்டு பிறகு சில்லறைக்குப் போகும். காதுக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் எதை முதலில் சொல்கிறீர்களோ அதன்மேல்தான் அடுத்தது உட்காரும். அதனால் விவரணையில் பாதி வேலை வரிசைதான். என்ன பொருள், எவ்வளவு பெரிது, மொத்த உருவம் எப்படி, எதனால் ஆனது. பிறகு ஒரு முனையில் தொடங்கி ஒரே திசையில் உறுப்புகள். மேலிருந்து கீழ் என்று தொடங்கினால் கடைசிவரை மேலிருந்து கீழ்தான். நடுவில் வலப்பக்கம் தாவினால் கேட்பவர் கையில் இருந்த உருவம் கலைந்துவிடும். நிறம், சேதம், வரலாறு எல்லாம் கடைசியில்.

தமிழில் எழுதும்போது கூடுதலாக ஒரு கஷ்டம் உண்டு. நம் வாக்கியம் அடைமொழிகளை எல்லாம் முன்னால் குவித்துவிட்டுப் பெயரைக் கடைசியில்தான் காட்டும். "மூங்கிலாலும் பிரம்பாலும் வளைத்துக் கட்டப்பட்டு, புல் வேயப்பட்ட, தாழ்ந்த வாசலை உடைய, கல் மதில் சூழ்ந்த வீடு." அந்த "வீடு" வந்து சேரும்வரை நான்கு சுமையை ஆள் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், எதன் சுமை என்றே தெரியாமல். அச்சில் இது ஓடிவிடும், ஒலியில் ஓடாது. பெயரை முதலில் போட்டு முற்றுப்புள்ளி வையுங்கள். "தோடர் வீடு." அப்புறம் சின்னச் சின்ன வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை.

கோத்தகிரி டீச்சர் · ஜூன் 4

சரி சார், மாதிரிக்கு ஒண்ணு எழுதிக் காட்டுங்க. அந்த வீட்டையே எழுதுங்க.

படிக்கல் · ஜூன் 5

உங்கள் மாதிரி பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அளந்து திருத்திக்கொள்ளுங்கள்.

"தோடர் வீட்டின் மாதிரி. இரண்டு கைக்குள் அடங்கும். உண்மையான வீடு இதைப்போல் பத்து மடங்கு: நீளம் ஐந்தரை மீட்டர், உயரம் மூன்று மீட்டர், அகலம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பக்கச் சுவர் என்று தனியாக இல்லை. புல் கூரையே ஒரு பக்கம் தரையோரத்தில் தொடங்கி, உச்சிவரை வளைந்து ஏறி, மறுபக்கம் தரையோரத்தில் இறங்குகிறது. நாட்டு ஓட்டைக் கவிழ்த்து வைத்த வாகு. முன்னாலும் பின்னாலும் மட்டும் நேரான சுவர். வாசல் முன்சுவரின் அடியில், நடுவில் இருக்கிறது. அகலமும் உயரமும் தொண்ணூறு சென்டிமீட்டர், பெரியவர்களின் இடுப்பளவு. குனிந்தால் போதாது, தவழ்ந்துதான் போக வேண்டும். வீட்டைச் சுற்றித் தாழ்வான கல் மதில்."

நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்குள் முடியும். அவ்வளவுதான் ஒரு பொருளுக்கு; மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். எண்களை எழுத்தால் எழுதியது வேண்டுமென்றேதான். போனில் இருக்கும் பேச்சுக்குரல் "5.5 மீ." என்பதை எப்படி வாசிக்கும் என்று நம்ப முடியாது. "செ.மீ." இன்னும் மோசம். குறுக்கம் எதுவும் வேண்டாம்.

மாதிரிகளில் வரும் வழக்கமான பிசகு ஒன்று உண்டு. வீடு சுருங்கியிருக்கும், புல் சுருங்கியிருக்காது. தடவுகிறவர், கூரை விறகுக்கட்டை தடிமனில் வேய்ந்தது என்று நினைத்துக்கொள்வார். "புல் மட்டும் நிஜ அளவு" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

படிக்கல் · ஜூன் 5, பிறகு

மறந்துவிட்டேன். முத்தநாடு மந்தில் (மந்து என்றால் தோடர் குடியிருப்பு) இருக்கும் கூம்புக் கூரைக் கோயிலின் போட்டோவும் உங்களிடம் இருந்தால் அதை இந்த வீட்டோடு சேர்த்துப் பேச வேண்டாம். வடிவம் வேறு, புழக்கம் வேறு. எருமைப் பால் சடங்குகள் நடக்கும் பால்மனைக் கோயில்களைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை மந்தில் கேட்டுவிட்டு எழுதுங்கள். இன்னொன்று: "தோடர்கள் பூத்குளி அணிந்தனர்" என்று பல லேபிள்களில் இறந்தகாலம் கிடக்கிறது. இன்றைக்கும் அணிகிறார்கள். வருகிற பிள்ளைகளின் வகுப்பிலேயே தோடர் வீட்டுப் பிள்ளை இருக்கலாம்.

ஆறுபுள்ளி · ஜூன் 6

கொடைக்கானலிலிருந்து. பிரெயில் வாசிக்கிறவன்.

படிக்கல் அண்ணா நிறத்தைக் கடைசிக்குத் தள்ளியதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பாதிப் பேர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள் இல்லை. நடுவில் போனவர்கள், கொஞ்சம் தெரிகிறவர்கள் எல்லாம் உண்டு. பிறவியிலிருந்தே இல்லாதவருக்கும் சிவப்பு எங்கே உடுத்துவார்கள், கறுப்பு எப்போது என்பது தெரியும். பூத்குளியில் நிறம்தான் விஷயமே. அதைக் கடைசியில் சொன்னால் என்ன நியாயம்?

அப்புறம் "அழகிய", "கண்ணைக் கவரும்", "நேர்த்தியான" இதெல்லாம் வெட்டுங்கள். அழகா இல்லையா என்று நாங்கள் முடிவு பண்ணிக்கொள்வோம். கணக்கைக் கொடுங்கள்.

படிக்கல் · ஜூன் 6

நிறத்தைப் பற்றிச் சொன்னது சரி. விதியைத் தளர்த்துகிறேன்: நிறம் உருவத்தோடு பின்னியிருந்தால் உருவத்தோடேயே சொல்லவும்.

பூத்குளிக்கு இப்படி வரும்: கெட்டியான, பழுப்பு ஓடிய வெள்ளைப் பருத்தித் துணி. குறுக்கே சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள். அந்தப் பட்டைகளை ஒட்டி, அதே இரண்டு நிற நூலில் தையல். துணியை இழுத்துக் கட்டும் தையல் சட்டம் இல்லை, துணிமேல் வரைந்துகொள்வதும் இல்லை. பெண்கள் துணியின் இழையை எண்ணி எண்ணி ஊசி குத்துகிறார்கள். அதனால் உருவமெல்லாம் கட்டம் கட்டமாக, நேர்க்கோட்டிலும் சாய்கோட்டிலும்தான் போகும். தையலின் மேடு தூக்கித் தெரியும் பக்கத்தையே வெளியே காட்டி உடுத்துவது வழக்கம். விரலுக்கு இது நல்ல வேலை கொடுக்கும் துணி.

ஆனால் கண்ணாடிக்குள் இருக்கும் பழைய துணியைத் தொடக் கொடுக்காதீர்கள். தோடர் பெண்களிடம் நேரே வாங்கிய ஒரு சின்னத் துண்டு போதும். 2013 முதல் தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இயந்திரத்தில் அடித்த நகலை வாங்கி வைத்தால் மேடு தட்டையாக இருக்கும், தொட்டுப் பார்க்கிறவருக்குத் தவறான தகவல் போய்ச்சேரும். துண்டின் ஒரு ஓரத்தைத் தையல் இல்லாமல் விடச் சொல்லுங்கள். வெறும் துணிக்கும் தையலுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் பிடிபடும்.

கோத்தகிரி டீச்சர் · ஜூன் 8

வரையாட்டைத் தொடக் கொடுக்கலாமா? பிள்ளைங்க அதைத்தான் ரொம்ப ஆசையா கேப்பாங்க.

படிக்கல் · ஜூன் 8

கூடவே கூடாது.

பழைய பாடம் செய்த உயிரினங்களில் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்செனிக் கலந்த சோப்பைத் தோலின் உட்புறம் தடவினார்கள். பாதரச உப்பும் போட்டது உண்டு. 1980 வாக்கில்வரை உலகம் முழுக்க இந்தப் பழக்கம் இருந்தது. அது உள்ளேயே நிற்காது. தையல் வழியாக, உதிரும் முடியோடு, தூசியாக வெளியே வரும். பரிசோதித்து "இல்லை" என்று தெரியும்வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கையுறை போட்டுத் தொடலாமே என்பார்கள். சின்னப் பிள்ளை கையுறையோடு மூக்கைச் சொறியும். வேண்டாம். தூசி தட்டுகிறவர்களிடமும் சொல்லிவையுங்கள்: இறகுக் குச்சியால் தட்டக் கூடாது.

பதிலுக்கு என்ன செய்யலாம் என்றால்: கொம்பை மட்டும் அளந்து பிளாஸ்டர் வார்ப்பு அல்லது முப்பரிமாண அச்சு. அசல் வரையாட்டுக் கொம்பு எங்கேயாவது கிடைக்கும் என்று தேடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை உயிரினம், வம்பாகிவிடும். கறிக்கடையில் ஆட்டுக்கொம்பு வாங்கி, கொதிக்கவைத்து, உள் எலும்பைக் கழற்றி, காயவைத்து வார்ப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டையும் தடவிப் பார்த்தால் வரையாட்டுக் கொம்பின் உட்பக்கம் தட்டையாகவும் வெளிப்பக்கம் உருண்டும் இருப்பது உடனே புரியும். பத்து வாக்கியம் எழுதினாலும் அது புரியாது.

உயரத்துக்குச் சுவரில் ஒரு கட்டை அடியுங்கள். ஆணுக்குத் தோள் உயரம் சுமார் ஒரு மீட்டர், பெட்டைக்கு 80 சென்டிமீட்டர். இரண்டு கட்டை. பிள்ளைகள் தங்கள் உடம்போடு ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

ஆறுபுள்ளி · ஜூன் 8

எங்கள் செண்பகனூரிலும் பாடம் செய்த பிராணிகள் நிறைய. "தொடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள் எங்கேயும். ஏன் என்று விவரணையிலேயே ஒரு வரி சொல்லிவிட்டால் கோபம் வராது. ஆர்செனிக் என்றால் எவனும் கையை நீட்ட மாட்டான்.

கோத்தகிரி டீச்சர் · ஜூன் 11

பிரெயில் லேபிளும் போடணும்னு நினைக்கிறோம். விவரணையை முழுசா பிரெயிலில் அடிச்சு ஒட்டிடலாமா?

ஆறுபுள்ளி · ஜூன் 11

கணக்குப் போட்டுப் பாருங்கள் டீச்சர். புள்ளிக்குப் புள்ளி 2.5 மில்லிமீட்டர், எழுத்துக் கட்டத்துக்குக் கட்டம் 6, வரிக்கு வரி 10. ஓரம் விட்டால் ஏ4 தாளில் 28 கட்டம், 25 வரி. தமிழில் "கி" என்றால் இரண்டு கட்டம். "க்" என்றாலும் இரண்டு, முதலில் புள்ளி வைத்த மெய்யின் குறி, பிறகு க. ஒரு பக்கத்துக்கு 60 சொல் நின்றால் பெரிது. 120 சொல் விவரணை இரண்டு பக்கம் போகும். சுவரோரம் நின்றுகொண்டு யார் வாசிப்பது?

பிரெயிலில் பொருளின் பெயர், காலம், எண். எண் ஆடியோவோடு பொருந்த வேண்டும். முழு விவரணையைத் தனிப் புத்தகமாக அடித்து நாற்காலி போட்ட இடத்தில் வையுங்கள். வேண்டியவர்கள் உட்கார்ந்து படிப்பார்கள்.

பலகையைச் சுவரில் செங்குத்தாக ஒட்டாதீர்கள், மணிக்கட்டு ஒடிகிறது. இடுப்புக்கு மேலே, மேசைபோல் சாய்த்து வையுங்கள்.

படிக்கல் · ஜூன் 12

அதோடு மலைக்கே உரிய இரண்டு தொல்லை.

காகிதப் பிரெயில் இங்கே ஒரு மழைக்காலம் தாங்காது. ஈரத்தில் தாள் பதமாகிப் புள்ளி அமுங்கிவிடும்; நூறு விரல் போனபின் வெறும் தாள். நிலையாக நிற்கும் பெயர்ப்பலகைக்கு அக்ரிலிக் அல்லது கெட்டி பிளாஸ்டிக். புத்தகத்துக்குத் தடித்த தாள், சிலிகா ஜெல் பையோடு மூடிய பெட்டி.

பித்தளை, ஸ்டீல் பலகை பார்க்க லட்சணமாக இருக்கும். மார்கழிக் காலையில் ஊட்டியில் அதன்மேல் விரல் வைத்துப் பாருங்கள். குளிரில் விரல் மரத்தால் அரை மில்லிமீட்டர் மேடு எங்கே தெரியப்போகிறது? டிசம்பர், ஜனவரியில் வருகிறவர்களுக்கு வாசலிலேயே ஒரு டம்ளர் சூடான டீ. உபசாரத்துக்காகச் சொல்லவில்லை, விரலுக்காகத்தான்.

படிக்கல் · ஜூன் 14

க்யூ.ஆர். பற்றி யாரும் பேசவில்லை. அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்வையில்லாதவருக்கு எப்படித் தெரியும்? சுற்றி மேடான சட்டம் வைத்து, எல்லாப் பொருளுக்கும் பிரெயில் பெயருக்கு வலப்பக்கம் ஒரே தூரத்தில் ஒட்டினால் கை பழகிவிடும். பளபளப்பான லேமினேஷன் வேண்டாம், விளக்கு வெளிச்சம் பட்டு கேமரா பிடிக்காது.

பிடித்தாலும் சிக்னல் வேண்டுமே. உங்கள் பக்கம் வளைவுக்கு வளைவு நெட்வொர்க் போகும். ஒலிக்கோப்புகளைப் பழைய போன்களில் ஏற்றி, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் போட்டு, 01, 02 என்று எண்வரிசையில் பெயர் வைத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். இயர்போன் ஒரு காதுக்கு மட்டும். இரண்டு காதையும் அடைத்தால் பக்கத்தில் ஆள் வருவது தெரியாது, படி தட்டும்.

அறைக்குத் தகரக் கூரையா? மழை விழுந்தால் ஸ்பீக்கர் வைத்தவர் பாடு திண்டாட்டம். ஆகஸ்டில் ஊட்டி, கூடலூர் பக்கம்தான் அடிக்கும். கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகை மழைதானே பலம், அந்த மட்டில் தேதி நல்ல தேதி. மே மாதம் மட்டும் எந்தக் குழுவையும் கூப்பிடாதீர்கள். மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் அருங்காட்சியகம் சந்தையாகிவிடும்.

கோத்தகிரி டீச்சர் · ஜூன் 17

பல் தண்டவாளம் இரும்புதானே, அதைத் தொடலாம்ல? எழுதவே வேண்டாம்னு விட்டுடலாமா?

படிக்கல் · ஜூன் 17

தொடலாம். முதலில் பிசிறை அரத்தால் ராவி, பழைய கிரீஸைத் துடைத்து, மெழுகு பூசுங்கள். வியர்வை பட்டால் துரு ஏறும். கனத்த பொருள், மேசையோடு போல்ட் போட்டு முடுக்க வேண்டும்.

எழுதாமல் விட முடியாது. தொட்டால் பல் தெரியும், எதற்குப் பல் என்று தெரியாது. இரண்டு சட்டம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றின் பல் வரும் இடத்தில் மற்றதன் பள்ளம். எஞ்சினின் பற்சக்கரம் ஒரு பல்லை விடும்போது மற்றொன்றைப் பிடித்திருக்கும், பிடி அறுவதே இல்லை. "இடது கைச் சுட்டுவிரலை இடச் சட்டத்தின் பல்மேல் வையுங்கள். வலது விரலை நேர் பக்கத்தில் வையுங்கள். அது பள்ளத்தில் இறங்கும்." விவரணை விரலுக்குக் கட்டளை கொடுக்கிற இடம் இது.

இந்தச் சட்டம் கல்லாறு முதல் குன்னூர்வரைதான். 1899இல் மேட்டுப்பாளையம்–குன்னூர் திறந்தது. 1908இல் ஊட்டிக்கு நீட்டிய பகுதியில் பல் கிடையாது, சாதாரணத் தண்டவாளம். ஏன் கீழே மட்டும் என்றால் ஏற்றம்: செங்குத்தான இடத்தில் ஏறக்குறைய 12க்கு 1. அதை எண்ணாகச் சொல்லாதீர்கள். 120 சென்டிமீட்டர் பலகையின் ஒரு முனைக்கு அடியில் 10 சென்டிமீட்டர் கட்டை கொடுங்கள். கையை ஓட்டிப் பார்த்ததும் "இவ்வளவுதானா?" என்பார்கள். மேலே ஒரு இரும்புக் குண்டை உருட்டி விடுங்கள், அந்தப் பேச்சு நின்றுவிடும்.

படிக்கல் · ஜூன் 18

போட்டோக்கள். முதல் வார்த்தை "இது புகைப்படம்" என்றிருக்க வேண்டும். கறுப்பு வெள்ளையா, கை அகலமா, சுவர் அகலமா. பொருளையே வர்ணித்துவிட்டால், பொருள் அறையில் இருப்பதாக நினைத்துத் தேடுவார்கள். நீலகிரியின் பழங்காலக் கல்வட்டப் புதைகுழிகளில், அப்போது நீலகிரி கமிஷனராக இருந்த பிரீக்ஸ் 1870களில் தோண்டி எடுத்த மண்கல மூடிகள், எருமையும் மனிதரும் உச்சியில் உட்கார்ந்திருக்கும் மூடிகள், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கின்றன. இங்கே நம்மிடம் படம்தான். அதையும் சொல்லிவிடுவது நல்லது. களிமண்ணில் ஒரு மூடி செய்து வைத்தால் இன்னும் நல்லது.

போட்டோவில் "இடது" என்றால் பார்ப்பவரின் இடதா, படத்தில் இருப்பவரின் இடதா? ஒன்றை முடிவு செய்து தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆறுபுள்ளி · ஜூன் 19

தலைப்பை விட்டு விலகுகிறேன். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1899இலிருந்து நடக்கிறது, சுவர் முழுக்கச் சூரியன் படம். 1909இல் வானியலாளர் எவர்ஷெட் இங்கிருந்துதான் சூரியப்புள்ளியின் (சூரியன் முகத்தில் தெரியும் இருண்ட திட்டின்) விளிம்புப் பகுதியில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். இதை எப்படி ஐயா விவரிப்பது? வட்டம், நடுவில் கறுப்புப் புள்ளி, முடிந்தது என்கிறார்கள்.

படிக்கல் · ஜூன் 20

விலகினாலும் நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறீர்கள்.

சொல்லை விடுங்கள், தொடு-படம் போடுங்கள். சூடு காட்டினால் கறுப்புக் கோடு மட்டும் உப்பி எழும் தாள் இருக்கிறது. இரண்டு படம் வேண்டும். முதல் படத்தில் 16 சென்டிமீட்டர் வட்டம், அதுதான் சூரியன். பூமியைப்போல் 109 மடங்கு விட்டம். அப்படியானால் இந்த அளவில் பூமி ஒன்றரை மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு பிரெயில் புள்ளி. வட்டத்துக்கு வெளியே ஒரே ஒரு புள்ளி குத்திவிடுங்கள்.

இரண்டாவது படம் புள்ளியின் பெரிதாக்கல். நடுவில் வழவழப்பான வெறும் வட்டம். அது இருண்ட கரு. சுற்றி ஆரமாக விரியும் கோடுகள். அது மங்கல் விளிம்பு. கோடுகளுக்கிடையே 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் விரலுக்கு ஒரே சொரசொரப்பாகிவிடும், எனவே எல்லாக் கோட்டையும் போடாமல் இருபது இருபத்தைந்தோடு நிறுத்துங்கள். வாயு ஓடும் திசைக்கு, கோட்டோடு விரலை உள்ளிருந்து வெளியே இழுக்கச் சொல்லுங்கள். நிழல் தீட்டல், கோணப் பார்வை இதெல்லாம் தொடு-படத்தில் ஆகாது. தாண்டிக்குடிப் பக்கத்துக் கற்திட்டையை (கற்பலகைகளால் கட்டிய பழங்கால ஈமச் சின்னத்தை) வரைவதானாலும் மேலிருந்து ஒன்று, முன்னிருந்து ஒன்று என்று இரண்டு தட்டைப் படம்தான்.

ஆறுபுள்ளி · ஜூன் 20

ஒரு புள்ளியில் நாம் எல்லோரும் அடங்கிவிட்டோம்! அந்தத் தாளின் விலையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

படிக்கல் · ஜூன் 23

டீச்சர், எழுதி முடித்ததைச் சோதிக்கும் முறை. பார்வையற்ற மூன்று பேர், பொருளைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள். பதிவைப் போட்டுக் காட்டுங்கள். "புரிந்ததா, பிடித்ததா" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். கையில் களிமண்ணைக் கொடுத்து வீட்டைச் செய்யச் சொல்லுங்கள். வாசலை எங்கே வைக்கிறார்கள், கூரை தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் பிசகினால் தப்பு உங்கள் வாக்கியத்தில். அந்த வாக்கியத்தை நீட்டாதீர்கள். பெரும்பாலும் அதற்கு முந்தைய வாக்கியத்தில்தான் ஏதோ விட்டிருக்கும்.

பொருள் எட்டு, பத்துக்கு மேல் வேண்டாம். முதல் பதிவு பொருளைப் பற்றியதாகவே இருக்கக் கூடாது: எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம், நிலைப்படி உயரம், அறை எவ்வளவு நீளம், மேசைகள் சுவரோரமா நடுவிலா, கழிப்பறை எங்கே.

கோத்தகிரி டீச்சர் · ஜூன் 29

வரையாட்டுக்கு எழுதிட்டேன். பாத்துச் சொல்லுங்க.

"பெட்டை வரையாடு, பாடம் செய்தது. தோள் உயரம் எண்பது சென்டிமீட்டர். சுவரில் உள்ள கீழ்க்கட்டையின் உயரம். தலை உங்கள் வலப்பக்கம் நீட்டியிருக்கிறது. உடல் கட்டையானது, கால்கள் உறுதியானவை. முடி குட்டை, சாம்பல் நிறம். தாடி இல்லை. இரண்டு கொம்பும் தலை உச்சியில் நெருங்கித் தொடங்கி வளைகின்றன; கொம்பின் வார்ப்பு உங்கள் முன்னால் இருக்கிறது. ஆட்டைத் தொட வேண்டாம். பழைய பாடம் செய்தவற்றில் ஆர்செனிக் இருக்கக்கூடும்."

ஆறுபுள்ளி · ஜூன் 29

நல்லா வந்திருக்கு. கொம்பு எந்தப் பக்கம் வளையுது, முன்னாலயா பின்னாலயா?

கோத்தகிரி டீச்சர் · ஜூன் 29

பின்னால. சேத்துடறேன்.

படிக்கல் · ஜூன் 30

"உறுதியானவை" என்பதையும் எடுத்துவிடுங்கள். அது உங்கள் கருத்து.